தட்டைப் படை

காலையிலிருந்து தகரம் சுமந்த தோள் விண்விண்ணென்று தெறிக்கிறது. ஆனாலும் தகரம் அழுத்தும் மெஷினை ஓட்டும் பிரஸ்காரன், பட்டறையின் சாப்பாட்டு மேசையில் தன் படையை நிறுத்திக்கொண்டிருக்கிறான். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கில் அச்சடித்து வந்த தட்டைச் சிப்பாய்கள். அடிக்கட்டையில் செருகினால் நிற்பார்கள், வண்ணம் பூச வேண்டாம். எதிரே போர்மேனின் ஈயச் சிப்பாய்கள். ஒவ்வொருவனுக்கும் மீசைவரை தீட்டிக் கொடுத்தது பிரஸ்காரனின் வலது கைதான். அந்தக் கையில் இரண்டு விரல்களைப் போன வருஷம் மெஷின் தின்றுவிட்டது. இப்போது தூரிகை நிற்பதில்லை. “என்ன மாப்ள, ரெடிமேட் ஆளுங்களா? பக்கவாட்டுல பாத்தா ஒருத்தனையும் காணோமே” என்று போர்மேன் சிரிக்கிறார். “நேரா பாருங்கண்ணே. பழக்கமில்லதான், இருந்தாலும் பாருங்க” என்கிறான் இவன். கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் பகடை உருண்டு நிற்கிறது. எண் தன் பக்கம் விழ விழ, பிரஸ்காரன் தான் தீட்டிய மீசைக்காரர்களை ஒவ்வொருவராகச் சுண்டிச் சாய்க்கிறான், அவசரமே இல்லாமல். ஈயம் மேசையில் விழும் சத்தம் ஒவ்வொரு தடவையும் அவனுக்கு இனிக்கிறது. குதிரைமேல் இருந்த தளபதியும் கவிழ்ந்ததும், வேடிக்கை பார்த்த வெல்டர், “ஜெயிச்சிட்டல்ல, விடுப்பா” என்கிறார். “எங்கண்ணே விடறது? விரல் போகாம காக்கிற மெஷின் தடுப்பை இவனே கழட்டிட்டான்னு விசாரணையில என்னைச் சொன்னாரே, அதை யாரு விடறது?” போர்மேன் குனிந்து, விழுந்தவர்களைப் பொறுக்கி டப்பாவில் போடுகிறார். ‘கழட்டச் சொன்னது நான்தான்’ என்று முதலாளி முன்னால் அவர் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை இன்னும் பாக்கி.