மஞ்சள் ஏறினால் நாற்காலி

மனைவியின் நகப்பூச்சுப் புட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெரிய மாப்பிள்ளை ஆலைக்குக் கிளம்பினார். நிறமில்லாத பூச்சு. பூசினாலும் பூசியது தெரியாது.

மாமனாருடையது, சீரியம் என்ற உலோகத்திலிருந்து கண்ணாடிக்கு மெருகேற்றும் தூள் செய்யும் ஆலை. ஆண் வாரிசு இல்லை. இரண்டு பெண்கள், இரண்டு மாப்பிள்ளைகள், ஒரே ஒரு நிர்வாகி நாற்காலி. ஆலையின் மின்சாரப் பிரிவைக் கட்டி மேய்த்துவந்த பெரிய மாப்பிள்ளை, அந்த நாற்காலி தனக்குத்தான் என்று இருந்தார். நேற்று வந்த சின்ன மாப்பிள்ளை, கழிவுநீரிலிருந்து சீரியத்தைப் பிரித்துக் காட்டுகிறேன் என்று குறுக்கே வந்து நின்றார்.

அவர் சொன்ன முறை இதுதான். கழிவுநீரில் மின்சாரம் பாய்ச்சினால் நிறமற்ற சீரியம் மஞ்சளாக மாறும். பிறகு மருந்து கலந்த மண்ணெண்ணெயைச் சேர்த்துக் குலுக்கினால், கூட இருக்கும் உலோகங்களைத் தண்ணீரிலேயே கைகழுவிவிட்டு, அது மட்டும் மேலே மிதக்கும் மண்ணெண்ணெய்க்குத் தாவிவிடும். மண்ணெண்ணெய் மஞ்சளானால் நாற்காலி சின்னவருக்கு என்று மாமனார் சொல்லிவிட்டார். பெரியவருக்கு வயிறு எரிந்தது.

சோதனைக்கூடத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மின்கம்பியைக் கழிவுநீரில் இறங்கும் தகட்டோடு பிடித்து வைக்கும் கவ்வியின் பற்களில் நகப்பூச்சைத் தடிமனாகப் பூசினார். ஊதி ஊதி உலர்த்தினார். இனி அதன் வழியே துளி மின்சாரம் போகாது.

சோதனை தொடங்கியது. சின்னவர் சுவிட்சைத் தட்டிவிட்டு, மீட்டருக்கு முதுகைக் காட்டியபடி மாமனாரிடம் கதை அளந்துகொண்டிருந்தார். மீட்டர் முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. பெரியவருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

பிறகு சின்னவர் அந்த நீரை நீண்ட கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, மண்ணெண்ணெய் சேர்த்து, குலுக்கி மேசைமேல் வைத்தார்.

மேல் அடுக்கு எலுமிச்சம்பழம் போல மஞ்சளாக நின்றது.

பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை.

மாமனார் அவர் பக்கம் திரும்பினார். "இந்த மஞ்சள் பச்சையெல்லாம் எனக்குப் புரியாது மாப்பிள்ளை. கரன்ட் விஷயத்துல உங்க வார்த்தைதான் எனக்கு. எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னு நீங்க சொன்னா, நாற்காலியை இவருக்கே குடுத்துடறேன்."

சின்னவர் பவ்யமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு குறையும் இல்ல மாமா" என்றார் பெரியவர்.

மின்சாரமே பாயாமல் மஞ்சள் வந்திருக்கிறதென்றால், சகலை முன்பே எதையோ கலந்து எல்லோர் காதிலும் பூச்சுற்றுகிறார் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதைச் சொன்னால், மின்சாரம் ஏன் பாயவில்லை என்று கவ்வியைக் கழற்றிப் பார்ப்பார்களே!