றஞ்சிதம் அன்ரியின் கமெரா

மடிக்கணினித் திரையில் இரண்டாம் தடவையும் எல்லாம் முதல் வரியிலிருந்தே ஓடுவதைக் கண்டபோதுதான் தியாகுவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம் வந்தது.

வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கனடாவில் விடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வீடியோவில் வந்து அபிராமியைப் பார்ப்பதாக ஏற்பாடு. இன்றைக்குச் சரிவராவிட்டால் வேறு இடம் பார்க்கப் போகிறார்களாம்.

போனில் பார்க்கலாமே என்று கீழ்வீட்டுத் தியாகு கேட்டுப் பார்த்தான்.

"போனில மூக்குப் பெருசாத் தெரியும் தம்பி," என்றார் அபிராமியின் அம்மா றஞ்சிதம். "குடும்பமா இருந்து கதைக்கிறதுக்குத்தானே இந்தக் கமெராவை வாங்கினது."

கமெரா புறக்கோட்டை நடைபாதையில் வாங்கியது. மடிக்கணினி, மாமா ஒருவர் வெளிநாடு போகும்போது விட்டுப்போனது. விண்டோஸைத் தாங்காதென்று அதற்கு லினக்ஸ் போட்டுக்கொடுத்தவன் தியாகு. ஆகவே அது கமெராவைக் கண்டுகொள்ளாத குற்றமும் தியாகுவின் தலையில்தான்.

லினக்ஸின் அடிவயிறான கர்னலில் கமெராவை இயக்கும் நிரல்துண்டு இல்லை. முழுக் கர்னலையும் புதிதாகக் கொம்பைல் பண்ணிக் கட்டினால், அந்தக் கிழட்டு மெஷினுக்கு நாளை மத்தியானம் ஆகும். தியாகு கம்பஸில் இதையே படிக்கிறவன். கமெராத் துண்டை மட்டும் தனியாகக் கட்டினால் போதும், ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான் என்று விளங்கப்படுத்தினான். அன்ரி உடனே தேத்தண்ணி போடப் போனார்.

அதில் இன்னொரு வசதியும் உண்டு. கட்டி முடித்ததை மெஷின் மறுபடி கட்டாது. கரண்ட் போனாலும், சூடேறி நின்றாலும், விட்ட இடத்திலிருந்துதான் தொடரும்.

அன்ரி கோப்பையோடு வந்தபோது, பாதி ஓடியிருந்த வேலை திரும்பவும் முதல் வரியில் நின்றது. அபிராமி அடுத்த அறையில் சேலை உடுத்திக்கொண்டிருந்தாள். அன்ரி சூட்டைத் திட்டிக்கொண்டு மேசைவிசிறியைத் தூக்கிவந்து வைத்தார். தியாகு மறுத்துக் கதைக்கவில்லை.

பிறகு அன்ரி அவனை ஹோலில் இருத்தி வைத்து, மாப்பிள்ளையின் வேலை, மாப்பிள்ளையின் வீடு, வீட்டு வாசலில் கொட்டும் பனி எல்லாவற்றையும் சொன்னார். தியாகு எல்லாவற்றுக்கும் "ஓம் அன்ரி" என்றான்.

அறைக்குத் திரும்பினால், மெஷின் மறுபடி முதல் வரியில்.

உள்ளே அபிராமி மட்டும் இருந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. கணக்கியல் படிக்கிறவள். கணினி என்றால் அவளுக்குப் படம் பார்க்கிற பெட்டி என்றுதான் இவ்வளவு காலமும் தியாகு நினைத்திருந்தான்.

"திரும்பவும் முதல்ல இருந்தே?" என்றாள். "சூட்டுக்குப்போல."

தியாகு மெஷினைத் தொட்டுப் பார்த்தான். விசிறிக் காற்றில் அது குளிர்ந்து கிடந்தது.

கட்டியதையெல்லாம் யாராவது அழித்தால்தான் இப்படி நடக்கும். கட்டுவதற்கு 'மேக்' என்று தட்டுவதுபோல, அழிப்பதற்கு 'மேக் கிளீன்' என்ற கட்டளையைத் தட்டவேண்டும். அது தானாக நடக்கிற காரியமில்லை.

"தம்பி, முடிஞ்சுதே?" ஹோலிலிருந்து அன்ரியின் குரல். "அங்க எல்லாரும் வெளிக்கிட்டு இருக்கினமாம்!"

தியாகு ஓட்டத்தை நிறுத்தினான். மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால், முன்பு தட்டிய கட்டளைகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக மேலே வரும். அழுத்தினான்.

மேக்.

மேக் கிளீன்.

மேக்.

மேக் கிளீன்.

நிமிர்ந்து பார்த்தான். அபிராமி வெகு அக்கறையோடு விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

"இப்ப முடியாது அன்ரி!" என்று ஹோலுக்குக் கேட்கக் கத்தினான். "முழுசாத்தான் கட்டவேணும். நாளைக்கு மத்தியானம் ஆகும்!"

மேக் கிளீன், இரண்டு தடவை.

அவன் தட்டியது ஒரு தடவைதான்.