நம்பர் இல்லாத குறிப்பு

நாற்பது நாடுகளின் நோயாளிப் பதிவுகளை, நோய்க்கும் மருந்துக்கும் பொது நம்பர் போட்டு ஒன்றாக்கும் நாகர்கோவில் அலுவலகத்தில், ஷெர்லினின் திரைக்கு ஒருநாள் அவளுடைய அப்பாவின் பதிவே வந்தது. மஸ்கட்டில் வேலைக்குப் போய் அங்கேயே இறந்தவர். கடைசிப் பக்கத்தில் நர்ஸ் எழுதியிருந்தாள்: “மாலையில் மகள் போன் பண்ணினால்தான் சாப்பிடுகிறார்.”

பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல், “அப்பா, சாப்டியளா?” என்று ஷெர்லின் போனில் அதட்டிய நாட்கள் அவை.

“பொதுப் பட்டியல்ல நம்பர் இல்லாத குறிப்ப அழிச்சிரணும் மக்கா,” என்றான் பக்கத்து இருக்கை சுபின். “தப்பான நம்பர் போட்டா நாப்பது நாட்லயும் நம்ம வேல லைசென்ஸ் போயிரும்.”

தெரிந்தேதான் ஷெர்லின் அந்தக் குறிப்புக்கு மருந்துக்கான நம்பரைப் போட்டாள். மருந்தின் பெயர்: மகளின் குரல். அளவு: தினம் ஒரு வேளை, உணவுக்கு முன்.