றொசாந்தன் கழுவிய கோப்பை

றொசாந்தன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். தடித்த குளிர்க் கோட்டின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, நுரைக்குள் கையை விட்டுத் தேய் தேயென்று தேய்த்தான்.

டினோஜா கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு கதிரையிலிருந்து பார்த்தாள். இதைப் பேசாலையில் இருக்கும் மாமியார் கண்டால், "மாதாவே!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே குந்திவிடுவார்.

"தேத்தண்ணி குடிக்கிறியா, டினோ?"

அவளுக்கு இன்னும் தூக்கிவாரிப் போட்டது. கலியாணம் கட்டி எட்டு மாதம். தேத்தண்ணி என்ற சொல்லை அவன் கேள்வியாகக் கேட்பது இந்த வீட்டுக்குள் வந்த மூன்று நாளாகத்தான்.

"ஓம். சீனி குறைச்சுப் போடுங்கோ."

"நீ தாங்ஸ் சொல்லேல்லை. சிங்கராசா அண்ணைக்குக் கேட்டால் பேச்சு விழும்."

சிங்கராசா வீட்டுக்காரர். முன்பகுதியில் இருப்பவர். கனடாச் சீவியத்தில் பதினொரு வருட அனுபவம். அவர் கைப்பட எழுதிய சட்டதிட்டம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது. கதவை அடித்துச் சாத்தக்கூடாது. கருவாடு பொரித்தால் பக்கத்து வீட்டார் பொலிசைக் கூப்பிடுவார்கள். பழத்தோல் பச்சைத் தொட்டிக்கு, போத்தல் நீலத் தொட்டிக்கு. மனைவி சமைத்தால் கணவன் கழுவவேண்டும். யன்னல் சீலையை எக்காரணம் கொண்டும் விலக்கக்கூடாது.

முதல் நாள் றொசாந்தன் துள்ளினான். "கடலுக்குப் போய் வலை இழுத்த கை அண்ணை இது. கோப்பை கழுவவோ?"

சிங்கராசா சிரிக்கவில்லை. "தம்பி, விசா மேடம் சும்மா ஆளில்லை. நீங்கள் உண்மையான சோடியோ எண்டு ஒரு பார்வையில சொல்லிப்போடுவா. வீட்டில கோப்பை ஆர் கழுவுறதெண்டு கேக்க நீர் முழிச்சீரோ, கதை முடிஞ்சுது. ஒராள் அங்கால, ஒராள் இங்கால."

அதன் பிறகுதான் அவன் கை சுருட்டினான். மேடத்தின் நேர்முகக் கேள்வி வியாழக்கிழமை. அவனுக்கு அந்த விசாதான் நினைப்பு. டினோஜாவுக்கு விசாவைவிட அந்தச் சுருட்டிய கை பெரிதாய்ப் பட்டது. இந்தப் புருசன் கடைசிவரை இப்படியே இருக்கவேண்டும். அதற்காக எந்தக் குளிரையும் தாங்கலாம்.

குளிரும் ஒரு விசித்திரமான குளிர். காலையிலும் அதே அளவு, மத்தியானத்திலும் அதே அளவு. மூன்று நாளில் ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"எங்கை, பாடத்தைச் சொல்லுங்கோ பாப்பம்," என்றாள். "கட்டிலில நான் எந்தப் பக்கம்?"

"யன்னல் பக்கம்."

"எனக்குப் பிடிச்ச நிறம்?"

அவன் ஈரக்கையோடு மேசையில் கிடந்த தாளை எட்டிப் பார்த்தான். "ஊதா."

"அது சிங்கராசா அண்ணை தன்ர பாட்டில எழுதினது. எனக்கு மஞ்சள்."

றொசாந்தன் தண்ணீர்ப் பைப்பைப் பூட்டினான். திரும்பி அவளையே பார்த்தான். முன்பு ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

"மஞ்சளோ? எட்டு மாசமாத் தெரியாமப் போச்சு. சொறி, டினோ."

தேத்தண்ணியைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினான். அவள் வாங்கினாள். குடிக்க மனம் வரவில்லை. ஆவி அடங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ."

"ம்?"

"நாங்கள் எப்பவும் இப்பிடியே இருப்பமோ?"

"இருப்பம். இங்க வேற எப்பிடி இருக்கிறது?"

கதவு மூன்று தரம் தட்டுப்பட்டது. சிங்கராசா தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"காணும், காணும். அடம்பன் ஊர் பஸ்ஸில அடுத்த சோடி வந்திறங்கிட்டுது. ஏசியை நிப்பாட்டிப்போட்டு வெளிய வாங்கோ. மிச்சத்தை, மேடத்திட்டக் கொழும்புக்குப் போற வானுக்குள்ள இருந்து பாடமாக்குங்கோ."

சொல்லிக்கொண்டே வந்து யன்னல் சீலையை அவரே இழுத்துவிட்டார். மன்னார் மத்தியான வெயில் உள்ளே பாய்ந்தது. 'கனடாச் சீவியம்: சோடிகளுக்கு மூன்று நாள் பயிற்சி' என்ற பலகையின் நிழலில் இரண்டு கழுதைகள் நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு புதுச்சோடி வியர்த்து வழிய நின்று, உள்ளே தெரிந்த கோட்டையும் தொப்பியையும் ஆவென்று பார்த்தது.

றொசாந்தன் கோட்டைக் கழற்றிக் கதிரையில் எறிந்தான். அதற்குக் கீழே கட்டியிருந்த சாரத்தை மடித்து இடுப்பில் செருகினான். டினோஜாவின் கையிலிருந்த தேத்தண்ணியை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வெறும் கோப்பையை அவள் கையிலேயே திருப்பி வைத்தான்.

"மிச்சத்தை நீ கழுவிப்போட்டு வா."