குருவி வேஷம்

மேடையில் மஞ்சள் இறக்கையோடு வந்து நின்றது தன் மகள் இல்லை என்று தெரிந்ததும் தையல்காரிக்கு வயிறு பற்றி எரிந்தது. கண் வலிக்க வலிக்க அவள் தைத்த உடை. போட்டிருந்ததோ யாரோ ஒரு நெட்டைப் பெண்.

மகள் பின்னால், முகத்தில் கறுப்பு மை பூசிய காக்கைக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றாள்.

காடு அழிந்து வேறு மரத்துக்கு வரும் குருவியை எல்லாப் பறவைகளும் முதலில் கொத்தி விரட்டும். கடைசியில் தங்கள் கூட்டிலேயே இடம் கொடுக்கும். நாடு விட்டு வந்த இவர்கள் பிள்ளை வகுப்பில் சேர்ந்ததும், டீச்சர் தேடிப் பிடித்து வாசித்துக் காட்டிய கதை அது. அதையே நாடகமாகப் போடப்போவதாகச் சொன்னவர், "உங்க பொண்ணுதாம்மா குருவி" என்றபோது தையல்காரி அழுதேவிட்டாள்.

அன்றைக்கே அளவு நாடாவை எடுத்தாள். மகள் மட்டும், இன்னும் நீளமாக வை என்று பிடிவாதம் பிடித்தாள். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று இவளும் வைத்தாள்.

இப்போது பார்த்தால் அந்த நெட்டைப் பெண்ணுக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. தைக்க மட்டும் நாங்கள், மேடை ஏற அவர்கள் பிள்ளையா? சுற்றிலும் எல்லோரும் கைதட்டினார்கள். இவள் தட்டவில்லை.

திரை விழுந்ததும் நேரே டீச்சரிடம் போனாள். இனிக்க இனிக்கப் பேசிக் கழுத்தை அறுத்துவிட்டீர்களே என்று கேட்டேவிட்டாள்.

டீச்சர் கோபப்படவில்லை. அந்தப் பெண்ணும் நாடு விட்டு வந்தவள்தானாம். நாடகம் போட முடிவான சமயத்தில்தான் வகுப்பில் சேர்ந்தாளாம்.

"வேஷத்தை விட்டுக்கொடுத்ததே உங்க பொண்ணுதாம்மா. அவளே வந்து கேட்டா. வீட்ல சொல்லலையா?"

தையல்காரிக்கு வெட்கமாகப் போயிற்று. பெற்ற பிள்ளையின் மனசு தெரியாமல் ஊரையெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டோமே என்றிருந்தது. வீட்டுக்கு நடக்கும்போது மகளின் தோளை அணைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு பெரிய மனசு எனக்கே வராதுடி. அவ உன் சிநேகிதியா?"

"இல்லம்மா." மகள் முகத்து மையைத் துடைத்தபடியே வந்தாள். "டீச்சர் அந்தக் கதையைப் படிச்சதுலேருந்து இடைவேளையில தினமும் குருவி விளையாட்டுதான். கொத்தி விரட்டுற கட்டத்தை மட்டும் விளையாடுவாங்க. புதுசா வந்தவ நான்தானே, நான்தான் குருவி."

தையல்காரியின் கால்கள் நின்றுவிட்டன. மகள் நிற்கவில்லை.

"இனிமே அவளைக் கொத்தட்டும்."