கடைசிப் பன்னிரண்டு நிமிஷம்

"ஒரு ரெக்கோடிங்கைப் பத்திரமா வைக்கத் தெரியல. நீங்கள்லாம் என்ன கம்பியூட்டர் சேர்?"

ஆசிரியர் அறையில், அத்தனை பேர் முன்னாலும் சர்மிளா டீச்சர் கேட்டுவிட்டாள். யோகேஸ்வரன் தலையைச் சொறிந்தான்.

"ஃபைல் கொஞ்சம் பழுதாயிருச்சு டீச்சர். நாளைக்குக் காலையில குடுத்துர்றேன்."

"நேத்து நல்லா இருந்தது இன்னைக்கு எப்படிப் பழுதாகும்?"

நியாயமான கேள்விதான். ராகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை அது. லண்டனில் இருக்கும் பழைய மாணவர் ஜோர்ஜ், நேற்றைய ஒன்லைன் கூட்டத்தில் இருபது கம்பியூட்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். கூட்டத்துக்கு வராத பழைய மாணவர் சங்கத்துக்காரர்கள் ரெக்கோடிங்கைப் பார்த்துச் சரி என்றால்தான் அடுத்த வேலை நடக்கும்.

நேற்று நுவரெலியாவிலிருந்து போனில் கலந்துகொண்ட பாடசாலை அதிபர் அழகுமுத்து, காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார்.

பாடசாலை லெப்டொப் முன்னால் உட்கார்ந்து கூட்டத்தை நடத்தியது சர்மிளாதான். ரெக்கோடிங்கைப் போட்டுவிட்டது மட்டும் யோகேஸ்வரன்.

"நானே தேடி எடுத்துத் தர்றேன் சேர். இவரு என்னமோ மறைக்கிறாரு," என்று அதிபரிடம் சொல்லிவிட்டு, இடைவேளை மணி அடித்ததும் கம்பியூட்டர் அறைக்குப் போனாள்.

நேற்றைய திகதியில் ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. குப்பைத் தொட்டியிலும் இல்லை.

விடுவாளா? லெப்டொப்பில் உள்ளதிலேயே பெரிய ஃபைல் எது என்று தேடினாள். வந்து நின்றது, யோகேஸ்வரனின் ஃபோல்டருக்குள், 'ஒன்பதாம் ஆண்டு வினாத்தாள்' என்ற பெயரில். வினாத்தாள் எங்கேயாவது ஒரு மணி நேரம் இருபத்திரண்டு நிமிஷம் ஓடுமா?

"மாட்டினாரு!"

அதிபருக்கு போன் போட்டாள். "கிடைச்சிருச்சு சேர், உடனே வாங்க!"

அவர் வருவதற்குள், முழுசாக இருக்கிறதா என்று பார்க்கக் கடைசிப் பகுதியை ஓட விட்டாள்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். திரையில் அவளும் ஜெனிதா டீச்சரும் மட்டும்.

"அதாகப்பட்டது பழைய மாணவர்களே... அதாகப்பட்டது..." அதிபரின் குரல் அப்படியே சர்மிளாவின் வாயில். "நாப்பத்தி மூணு தடவை சொன்னாருடி, எண்ணினேன்! மனுஷன் முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தரம் தேத்தண்ணி குடிச்சிட்டேன்."

ஜெனிதா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்த யோகேஸ்வரன் மட்டும் என்ன? பட்டனை அமத்துறதைத் தவிர வேறென்ன தெரியும் அவருக்கு?"

ரெக்கோடிங்கை நிறுத்தும் அந்தப் பட்டனைத்தான் நேற்று யாருமே அமத்தவில்லை. கூட்டம் முடிந்த பிறகும் பன்னிரண்டு நிமிஷம் ஓடியிருந்தது.

சர்மிளா அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தாள்.

வாசலில் செருமல் கேட்டது. "அதாகப்பட்டது டீச்சர், கிடைச்சிருச்சா?"

படீரென்று லெப்டொப்பை மூடினாள்.

"இ... இல்ல சேர். அது வேற ஃபைல். யோகேஸ்வரன் சேர் சொன்னதுதான் சரி. பாவம் சேர் அவரு, நாளைக்கு வரைக்கும் டைம் குடுங்க."

அதிபருக்குப் பின்னால் யோகேஸ்வரன் நின்றுகொண்டிருந்தான். அவள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவன் சாதாரணமாகச் சொன்னான்:

"காலையில கட்டாயம் குடுத்துர்றேன் சேர். கடைசியில கொஞ்சம்தான் பழுது. அதை வெட்டிட்டா, டீச்சர் ரொம்ப நல்லாப் பேசியிருக்காங்க."