மாலை போட்ட கூலர்

"உள்ள வந்து பாருங்க சார்! ஒரு சொட்டு வேர்த்தாலும் என்னையக் கேளுங்க!" என்று நாச்சிமுத்து இரைந்தார். வெளியே ஜெனரேட்டர் போட்ட கூச்சலில் அவர் பேசியது அவருக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

காலையிலிருந்து மனுஷருக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன கோடையில் தையல் ஹாலில் பெண்கள் மயங்கி விழுந்ததைக் கேள்விப்பட்டு, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர், அனல் குறையாவிட்டால் இனி ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டார். அது கைவிட்டுப் போனால் தன் நல்லூர் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

பையரின் ஏஜென்ட் அக்பர் தயங்கித் தயங்கி ஹாலுக்குள் காலை வைத்தார். மே மாத வெயில், மேலே தகரக் கூரை. ஆனாலும் உள்ளே மரத்தடியில் நிற்கிற மாதிரி இதமாக இருந்தது.

"அட, பரவாயில்லையே! என்னங்க பண்ணுனீங்க?"

"அதா, அங்க பாருங்க. ராட்சசக் கூலருங்க சார்!"

டீசல் செலவுக்குப் பயந்து, மிஷினையும் லைட்டையும் தவிர வேறெதற்கும் ஜெனரேட்டர் லைன் கொடுக்காத கஞ்சர் அவர். அப்பேர்ப்பட்டவர் சம்சாரத்தின் நகையை அடகு வைத்து இறக்கிய கூலர் அது. சுவரில் உயரத்தில், சந்தனம் குங்குமத்தோடு வீற்றிருந்தது. பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலை அதன் வாய்க்கு நேராக ஆடாமல் அசையாமல் தொங்கியது.

கடைசி மிஷினில் தைத்துக்கொண்டிருந்த ரோஸ்மேரி எழுந்தாள். "மொதலாளி, அந்தக் கூலரு..."

"பொறவு பேசலாங் கண்ணு. நீ மிஷினைப் பாரு."

வெளியே வந்த அக்பர் அண்ணாந்து பார்த்தார். "கூரை மேல என்னங்க, ஒரே காடா இருக்குது?"

நாச்சிமுத்துவுக்கு மானம் போயிற்று. வெட்டி மிஞ்சிய பனியன் வேஸ்ட்டுத் துணியைக் கூரை முழுக்கப் பரப்பி, நனைத்து, அதன்மேல் பீர்க்கங்கொடியைப் படரவிட்டவள் ரோஸ்மேரிதான். தினமும் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். காய்க்கு ஆசைப்படுகிறார்கள், போகட்டும் என்று இவரும் விட்டிருந்தார்.

"சாப்பிட்டுட்டு எங்க பெரியவரைக் கூட்டிட்டு வர்றேன். இதே குளுமை இருந்தா ஆர்டர் உங்களுக்குத்தானுங்க" என்று அக்பர் கிளம்பினார்.

கார் தெரு திரும்பியதுதான் தாமதம், லோடு ஆட்களை அரிவாளோடு கூரையில் ஏற்றினார் நாச்சிமுத்து. சத்தம் கேட்டு ரோஸ்மேரி ஓடி வந்தாள்.

"வேண்டாம் மொதலாளி! அறுக்கச் சொல்லாதீங்க!"

"பீர்க்கங்காய்க்கா இந்த அழுகை? சந்தையில நானே வாங்கித் தாரேன், போ கண்ணு. பெரியவரு வர்றப்போ கூரை பளிச்சுனு இருக்கோணும்."

கொடியும் ஈர வேஸ்ட்டும் தொப்தொப்பென்று கீழே விழுந்தன. கடைசி இலை வரைக்கும் வழித்தெடுக்க வைத்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

கை கழுவிவிட்டு ஹாலுக்குள் நுழைந்தார். முகத்தில் அனல் அறைந்தது. பெண்கள் துப்பட்டாவாலும் முந்தானையாலும் விசிறிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"ஐயோ! எவன்டா அவன், கூலரை நிறுத்துனது?"

ரோஸ்மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கரண்டு காலையிலயே போயிருச்சே மொதலாளி. அந்த சார் வந்தப்பவும் கூலர் ஓடலை."